சில்ட்ரன் கோப்பை நம்பி ப்ராசஸைக் கொல்லலாமா?

வேர்ப்பலா:
டெஸ்ட்களை வரிசையாக ஓட்டுகிற ஒரு சின்ன ரன்னர் எழுதியிருக்கிறேன், லினக்ஸுக்கு மட்டும். ஒரு டெஸ்ட் நேரம் கடந்தும் முடியவில்லை என்றால் அதையும் அது கிளப்பிவிட்ட ப்ராசஸ்களையும் (ஓடிக்கொண்டிருக்கிற நிரல்களையும்) சேர்த்துக் கொல்ல வேண்டும். இதற்காக ப்ராக்கில் (லினக்ஸின் மையமான கெர்னல், ஓடுகிற ப்ராசஸ்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த ப்ராசஸின் டாஸ்க் கோப்பகத்துக்குள் போய், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் இழைக்கும்) கீழே இருக்கிற ‘சில்ட்ரன்’ கோப்பைப் படிக்கிறேன். பிள்ளைகளின், அதாவது அது கிளப்பிய ப்ராசஸ்களின், பிஐடி (அடையாள எண்) எல்லாம் இடைவெளி விட்டு வந்துவிடுகிறது, பிள்ளைக்குப் பிள்ளை என்று இறங்கிப் போனால் மரம் முழுக்கக் கையில். நன்றாகத்தான் ஓடியது. ரிவ்யூவில் ஒருத்தர் "இந்தக் கோப்பை நம்பாதே, மேன் பேஜைப் படி" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கையேட்டுப் பக்கத்தைப் படித்தேன். பிள்ளைகள் எல்லாம் நிறுத்தப்பட்டோ உறைய வைக்கப்பட்டோ இருந்தால்தான் பட்டியல் சரியாக வரும், மற்றபடி பெரும்பாலான நிரல்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்கிறது. கொடுக்கிறவனே நம்பாதே என்றால் எதற்குக் கொடுத்தான்?

ஷெல்பித்தன்:
மேன் பேஜ் பயமுறுத்தத்தான் செய்யும், அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியாது. இது இல்லாவிட்டால் வேறு வழி என்ன என்று அந்த ரிவ்யூ ஆசாமியைக் கேளுங்கள். ப்ராக் முழுக்க ஒவ்வொரு எண் கோப்பகமாகத் திறந்து, ஸ்டாட் கோப்பில் நாலாவது புலத்தில் இருக்கிற பேரண்ட் பிஐடியை (அதன் அப்பாவின் எண்ணை) பார்த்து, நம்முடையதா இல்லையா என்று சலிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ப்ராசஸ் ஓடுகிற பெட்டியில் நாலு பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஊரையே கணக்கெடுப்பதா? அதிலும் ஸ்டாட்டில் இரண்டாவது புலம் நிரலின் பெயர், அடைப்புக்குறிக்குள் வரும், அந்தப் பெயரிலேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் இருக்கலாம். கடைசி அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்து அதற்கு அப்புறம் பிரிக்கத் தெரியாமல் உடைந்துபோன ஸ்கிரிப்ட்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சில்ட்ரன் கோப்பு கெர்னலிடம் ஏற்கெனவே இருக்கிற பட்டியலை நேராகக் காட்டுகிறது. அதைப் பயன்படுத்தாதே என்பது வீம்பு.

மணல்வீடு:
‘நேராகக் காட்டுகிறது’ என்பதில்தான் கோளாறே. பட்டியலை மொத்தமாக ஒரு பூட்டுக்குள் படம் பிடித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக டாஸ்க்லிஸ்ட் லாக்கை (பட்டியல் மாறாமல் காக்கும் பூட்டை) எடுத்து, ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டுவிடும். அடுத்த முறை வரும்போது, கடைசியாகச் சொன்ன பிள்ளை இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்கு அடுத்தது. இல்லாவிட்டால் முதலிலிருந்து எண்ணி, ஏற்கெனவே எத்தனை சொன்னோமோ அத்தனையைத் தாண்டும். இந்தத் தாண்டுதல்தான் வினை.

101 முதல் 110 வரை பத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 101, 102, 103 சொல்லியாயிற்று. அந்த இடைவெளியில் மூன்றும் முடிந்து பட்டியலிலிருந்து போய்விட்டன. இப்போது வரிசையில் முதல் ஆள் 104. கெர்னலோ "மூன்று சொல்லிவிட்டேனே" என்று மூன்றைத் தாண்டி 107ஐ எடுத்துக் கொடுக்கும். 104, 105, 106 மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ஒன்றும் புதிதாகப் பிறந்ததுகூட இல்லை, ஆனால் பட்டியலில் வரவே வராது. கெர்னல் மூலத்திலேயே இதைக் கருத்துரையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு துல்லியம் என்று நாங்கள் எப்போதும் வாக்குக் கொடுக்கவில்லை என்கிற தொனியில்.

ஊரைக் கணக்கெடுப்பதும் துல்லியமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தவறவிடுவது பெரும்பாலும் இப்போதுதான் பிறந்ததை, அல்லது படிக்கும்போதே அப்பா மாறிப்போனதை. பத்து நிமிடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் காணோம் என்று சொல்லாது.

ஷெல்பித்தன்:
சரி, ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள். ஒரு பிள்ளை செத்தவுடனே பட்டியலிலிருந்து போகாது. ஜாம்பியாக (செத்தும் பதிவு நீங்காமல்) அங்கேயே நிற்கும், அப்பா வெயிட் என்ற அழைப்பைப் போட்டு, செத்த தகவலை வாங்கி அள்ளிய பிறகுதான் போகும். (பிள்ளை செத்ததைச் சொல்லும் சிக்சைல்டு சிக்னலை இக்னோர் என்று வைத்திருந்தால் தானே போய்விடும், அது தனிக்கதை.) ஆக, அப்பா நானே, படிக்கும்போது என் ப்ராசஸில் எந்த த்ரெட்டும் வெயிட் போடவில்லை என்றால் நீங்கள் சொன்ன 104 கதை நடக்கவே நடக்காது. புதுப் பிள்ளைகள் வால்பக்கம் சேரும், அதனாலும் சிக்கல் இல்லை.

மணல்வீடு:
நல்ல பாயிண்ட், மறுக்கவில்லை. ஆனால் அப்பா நீங்கள்தான் என்றால் ஃபோர்க் போட்டு அதைப் பிறப்பித்தபோதே பிஐடி உங்கள் கைக்கு வந்துவிட்டதே, அதைக் கெர்னலிடம் போய் ஏன் கேட்கிறீர்கள்? கேட்க வேண்டியது பேரப்பிள்ளைகளைப் பற்றி. அங்கே வெயிட் போடுகிறவன் வேறொருத்தன், அவன் எப்போது அள்ளுவான் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

தூக்கமில்லாதவன்:
இரண்டு பேரும் தியரி பேசுகிறீர்கள், நான் பட்ட கதையைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு ரன்னர். வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ராத்திரி பில்டு விழும், பார்த்தால் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழை. முந்தைய ஓட்டத்தில் கொல்லப்பட்டிருக்க வேண்டிய ஒரு டம்மி சர்வர் 8080 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருக்கும். அதன் பேரண்ட் பிஐடியைப் பார்த்தால் 1. அதாவது அதைப் பெற்ற ஷெல் செத்து, இது அநாதையாகி, 1 என்ற எண்ணுள்ள முதல் ப்ராசஸான இனிட்டிடம் போய்விட்டது. நாங்கள் மரத்தில் இறங்கிப் போனபோது அந்த ஷெல்லே இல்லை, அப்புறம் எங்கே போய்ப் பிள்ளையைத் தேடுவது? இதற்கு மணல்வீடு சொன்ன தாண்டுதல் காரணமே இல்லை. சில்ட்ரன் கோப்பைப் படித்தாலும் சரி, ஊரைச் சலித்தாலும் சரி, இரண்டிலும் அது தப்பித்திருக்கும்.

சிக்ரூப்பில் (ப்ராசஸ்களை ஒரே குழுவாகக் கட்டும் கெர்னல் வசதி) போடுங்கள், வேலை முடிந்தது. 5.14 கெர்னலிலிருந்து சிக்ரூப்.கில் கோப்பில் 1 என்று எழுதினால் உள்ளே இருக்கிற எல்லாம் போய்விடும், நடுவில் ஃபோர்க் போட்டுத் தப்ப முடியாது. மரம், கிளை, இலை எதையும் எண்ண வேண்டியதில்லை.

ஷெல்பித்தன்:
சிக்ரூப் எழுத அனுமதி இருந்தால்தானே தலைவா. கன்டெய்னருக்குள் ஓடும்போது சிக்ரூப் கோப்பகம் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் மவுன்ட் ஆகியிருக்கும். ரூட் இல்லாத பயனர் என்றால் டெலிகேஷன் (அந்த உரிமையை ஒப்படைப்பது) வேண்டும். ஒரு டெஸ்ட் ரன்னருக்காக இதையெல்லாம் கேட்டால் நிறுவுகிறவன் ஓடிவிடுவான்.

மணல்வீடு:
வேர்ப்பலாவின் ‘எதற்குக் கொடுத்தான்’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்தக் கோப்பு 2012இல் 3.5 கெர்னலில் வந்தது, க்ரியூ என்ற திட்டத்துக்காக. ஓடுகிற ப்ராசஸ்களை அப்படியே வட்டில் சேமித்து, பிறகு இன்னொரு இடத்தில் உயிர்ப்பிப்பது அதன் வேலை. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் பட்டியல் நடுவில் மாறாது, துல்லியமாக வரும். முதலில் செக்பாயிண்ட் வசதியோடு கெர்னலைக் கட்டியிருந்தால்தான் கோப்பே தெரியும். வெளியிலும் பயன்படுகிறது என்று கேட்டதால் 2015இல், 4.2 கெர்னலில், அதற்கென்று தனி கட்டமைப்புத் தேர்வு வைத்தார்கள். கதவைப் பெரிதாக்கினார்கள், உள்ளே இருக்கிற பொருளை மாற்றவில்லை. பிணத்தை அளக்கச் செய்த டேப்பை ஓடுகிறவனிடம் நீட்டினால் அளவு தப்பத்தான் செய்யும்.

ஷெல்பித்தன்:
ஹா, டேப் உவமை நல்லாருக்கு. ஆனால் ஓடுகிறவனை அளக்க வேறு டேப் கொடுக்கவில்லையே, அதுதான் என் குறை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஒரு ப்ராசஸ் தன்னை ரீப்பர் (அநாதைகளை ஏற்று அள்ளுகிறவன்) என்று அறிவித்துக்கொண்டால், தனக்குக் கீழே இருக்கிற எல்லாருடைய பட்டியலையும் ப்ராக்சிடிஎல் என்ற அழைப்பு வழியாகக் கேட்கலாம், எல்லாரையும் கொல் என்று ஒரே அழைப்பில் சொல்லவும் செய்யலாம். விண்டோஸிலும் ப்ராசஸ்களைக் குழுவாகக் கையாள ஜாப் ஆப்ஜெக்ட் இருக்கிறது. நாம் இங்கே உரைக் கோப்பைப் படித்து எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

தூக்கமில்லாதவன்:
லினக்ஸிலும் பாதி இருக்கிறது. 3.4இலேயே சப்ரீப்பர் வந்துவிட்டது. பிஆர்சிடிஎல் என்ற அழைப்பில் ஒரு வரி. அதைப் போட்டால் கீழே அநாதையாகிற எதுவும் இனிட்டுக்குப் போகாமல் உங்களிடமே வரும், இரண்டு தடவை ஃபோர்க் போட்டு செட்சிட் பண்ணித் தனி செஷனுக்கு ஓடினதும்கூட. எங்கள் 8080 பேயை ஓட்டினதும் இதுதான், சிக்ரூப் அப்புறம்தான் வந்தது.

வேர்ப்பலா:
இருங்கள், அப்படியென்றால் எனக்கு இரண்டும் சேர்கிறது. ரன்னரை சப்ரீப்பர் ஆக்கிவிட்டால் அநாதைகள் என் பிள்ளைகள் ஆகிவிடும். அவற்றின் பிஐடி எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஃபோர்க் போட்டது நானில்லை. அதைத் தெரிந்துகொள்ள என்னுடைய சில்ட்ரன் கோப்பையே படிக்கலாம், அப்பா நான்தான், படிக்கும்போது வெயிட் போடாமல் இருந்தால் பட்டியல் குறையாது. கொல்வது, அள்ளுவது, மறுபடி படிப்பது. வெயிட் அழைப்பு ‘பிள்ளையே இல்லை’ என்று ஈசைல்டு திருப்பும்வரை இதே சுற்று. சரியா?

மணல்வீடு:
சரி. இதில் நீங்கள் கோப்பை நம்பவே இல்லை என்பதைக் கவனியுங்கள், முடிந்தது என்று சொல்வது ஈசைல்டு. பட்டியலில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த சுற்றில் மாட்டும். நான்கூட இதை ரிவ்யூவில் விட்டுவிடுவேன். இன்னொன்று, உங்கள் பிள்ளையை நீங்கள் அள்ளாதவரை அதன் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அதனால் தவறான ஆளைக் கொல்லும் பயமும் இல்லை. பேரப்பிள்ளைகளை எண்ணை வைத்து நேராகக் கொல்லப் போனால் அந்த உத்தரவாதம் கிடையாது, அங்கே பிஐடிஎஃப்டி (எண் வேறொருத்தனுக்குப் போனாலும் அதே ப்ராசஸையே குறிக்கும் கைப்பிடி) திறந்து, இன்னும் அதே அப்பாதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் சிக்னல் அனுப்ப வேண்டும்.

ஷெல்பித்தன்:
ஆக நான் சொன்னதுதான், கோப்பு உதவுகிறது. :)

மணல்வீடு:
நீங்கள் சொன்னது மரம் முழுக்க இறங்குவதை.

தூக்கமில்லாதவன்:
ஒரு ஓட்டை. ஒரே நேரத்தில் இரண்டு டெஸ்ட் ஓட்டினால் எந்த அநாதை எந்த டெஸ்டுடையது என்று எப்படிப் பிரிப்பாய் வேர்ப்பலா? எல்லாம் உன் மடியில்தானே வந்து விழும், ஒன்றின் டைம்அவுட்டில் இன்னொன்றின் பிள்ளையையும் கொன்றுவிடுவாய்.

வேர்ப்பலா:
ஐயோ, இதை யோசிக்கவில்லை அண்ணே. ஒவ்வொரு டெஸ்டுக்கும் நடுவில் ஒரு குட்டி மேற்பார்வை ப்ராசஸ் வைத்து, அதை சப்ரீப்பர் ஆக்கிவிடுகிறேன். ரன்னர் அதோடு மட்டும் பேசும், கொல்வது அள்ளுவதெல்லாம் அதன் பாடு. நாற்பது வரி சி நிரலில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அந்த மேற்பார்வை ப்ராசஸே செத்துப்போனால் என்ன செய்வது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

தூக்கமில்லாதவன்:
அதற்கு மேலே உன் ரன்னரும் சப்ரீப்பராக இருக்கட்டும். யாருடையது என்று தெரியாவிட்டாலும் 1க்குப் போவதற்கு உன்னிடம் வருவது மேல். கொன்றுவிட்டு லாகில் ஒரு வரி எழுதி வை, ராத்திரி பில்டு விழுந்தால் தேடுவதற்கு ஆகும்.