கொல்லிமலை ஏற்றத்தில் எந்த கியர்? மேல் கியரில் பெட்ரோல் மிச்சமா, இன்ஜினுக்குக் கேடா?

நாமக்கல்_ரைடர்:
அடுத்த வாரம் டபுள்ஸில் கொல்லிமலை போகிறோம். வண்டி பிஎஸ்6 ஸ்பிளெண்டர், 4 கியர். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. மச்சான் சொல்கிறார், "முடிஞ்சவரைக்கும் மேல் கியரிலேயே வை, ரேஸ் கொடுக்காதே, இறங்கும்போது நியூட்ரலில் விட்டுடு, பெட்ரோல் மிச்சம்." தெருமுனை மெக்கானிக் நேர்மாறாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி? என் மீட்டரில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) காட்டாது, அதனால் எதை வைத்து கியர் மாற்றுவது என்பதையும் சொல்லுங்கள்.

நூறுசிசி:
நியூட்ரல் விஷயத்தை விடுங்கள், மேல் கியர் பற்றி மச்சான் சொல்வது சரிதான். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால், அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். அதே வேகத்தை மேல் கியரில், ஆக்சிலேட்டரைக் கூடுதலாகத் திறந்து போனால் அந்த வீண் செலவு குறையும், பிஸ்டனின் உராய்வும் குறையும். சும்மா 3வது கியரில் கத்தவிட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் மைலேஜ் வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

பட்டறை:
நூறுசிசி சொன்னது சமதரைக்கு. இவர் கேட்பது மலை, அதுவும் இரண்டு பேர்.

ஸ்பிளெண்டருக்கு அதிகபட்ச டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை, சுமார் 8 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,000 ஆர்பிஎம் பக்கத்தில்தான் கிடைக்கும். ஏற்றத்தில் 4வதில் வைத்து வேகம் 25க்கு இறங்கிவிட்டால், இன்ஜின் தன் பலத்தில் பாதியைக்கூடக் கொடுக்க முடியாத இடத்தில் நிற்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினாலும் வேகம் ஏறாது, சத்தம் மட்டும் கனமாகும், ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு வரும், செயின் படபடவென்று அடிக்கும். இதைத்தான் திணறுவது என்கிறோம். அந்த நேரத்தில் உள்ளே ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக நகரும் பிஸ்டன் மேல் முழு பலத்தோடு இறங்குகிறது, நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து உள்ளே தட்டும் சத்தம்) வருவதற்கும் தோதான நிலை. ஆயில் பம்பு கிராங்கோடு சேர்ந்து சுற்றுவது, ஆர்பிஎம் குறைந்தால் ஆயிலும் குறைவாகத்தான் போகும். பாரம் அதிகம், ஆயில் குறைவு என்றால் கனெக்டிங் ராட் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் இது காற்றில் குளிரும் இன்ஜின், மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்றும் கிடையாது.

ஆர்15_பையன்:
பட்டறை அண்ணன் சொல்வதோடு முழுசா ஒத்துப்போகிறேன். ரேஸ் கொடுத்தால் இன்ஜின் போய்விடும் என்கிற பயம் தேவையே இல்லை. என் ஆர்15 வண்டியில் 7,400 ஆர்பிஎம்மில் வால்வைத் திறக்கும் கேம் மாறும், 10,000த்தில்தான் முழு பவர். அதற்காகவே செய்த இன்ஜின். மலையில் 2வது கியரில் வைத்து நல்லா இழுத்து விடுங்க, பயப்படாதீங்க.

நூறுசிசி:
தம்பி, உங்கள் இன்ஜினை வைத்து ஸ்பிளெண்டர்காரருக்கு யோசனை சொல்லாதீர்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐப் பாருங்கள், 27 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், ஃபிளைவீல் கனம், கீழ் ஆர்பிஎம்மில் நிதானமாக இழுக்கும். அதைப் பிடித்து 6,000க்கு மேல் கத்தவிடுவதில் ஒரு பயனும் இல்லை. எல்லா வண்டிக்கும் "இழுத்து விடு" என்பதும் தப்பு.

பட்டறைக்கு ஒரு கேள்வி. நான் சமதரையில் 40லேயே 4வது போட்டுவிடுவேன். அதிலும் இன்ஜின் கெடும் என்கிறீர்களா?

பட்டறை:
இல்லை. சமதரையில் 40, ஆக்சிலேட்டர் லேசாகத் திறந்திருக்கிறது என்றால் இன்ஜின் மேல் பாரமே இல்லை, தாராளமாகப் போங்கள். நான் சொல்வது இதுதான்: ஆர்பிஎம் குறைவாக இருப்பது மட்டும் குற்றமில்லை, குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலேட்டர் கொடுப்பதுதான் கேடு. முழுசாக முறுக்கும்போது பெட்ரோல் கலவையும் கெட்டியாகும், அதனால் நீங்கள் சொல்லும் மிச்சமும் அங்கே கிடைக்காது.

நாமக்கல் தம்பி, ஆர்பிஎம் மீட்டர் தேவையில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள். வண்டி வேகம் எடுத்தால் அந்த கியர் சரி. முறுக்கியும் சத்தம் மட்டும் மாறி வேகம் வரவில்லையென்றால் உடனே ஒரு கியர் இறக்குங்கள். பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டரிலேயே எந்த கியருக்கு எவ்வளவு வேகம் என்று 1, 2, 3, 4 எனக் குறித்திருப்பார்கள், அது சமதரைக் கணக்கு, மலைக்குப் பொருந்தாது.

எஸ்டிக்காரர்:
நியூட்ரலில் இறக்கு என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எஸ்டி, ராஜ்தூத் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுவோம். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே விட்டால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகப் போவதால் ஆயிலும் குறைவாகத்தான் போகும், பிஸ்டன் பிடித்துவிடலாம். அதனால் கிளட்சைப் பிடித்து விடுவோம், இல்லையென்றால் இடையிடையே ஆக்சிலேட்டரைத் திறந்து மூடுவோம். டூ ஸ்ட்ரோக்குக்கு அது சரியான பழக்கம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக அடியில் இருக்கிறது, பெட்ரோலோடு அதற்கு சம்பந்தமே இல்லை. மச்சானுக்கு வயது என்னவோ, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வயதுக்காரராக இருப்பார்.

மேடு_பள்ளம்:
ஐயா எழுதியது அருமை. இன்னொன்றும் சேர்க்கிறேன். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் என்பதே பிஎஸ்6 வண்டியில் உண்மை இல்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை முழுசாக மூடி இறங்கினால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் ஐட்லிங் பக்கம் இறங்கினால்தான் திரும்பத் திறக்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். ஆக கியரில் இறங்குவதுதான் சிக்கனம்.

அதைவிட முக்கியம் பிரேக். டிரம் பிரேக் வைத்த வண்டியில் இரண்டு பேரோடு வளைவுக்கு வளைவு அமுக்கிக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, அமுக்கினாலும் பிடிக்காத நிலை வரும். எந்த கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள்.

ஆர்15_பையன்:
சரி, ஆனால் இறக்கத்தில் வேகமாக வரும்போது சட்டென்று 1வது போட்டால் பின் சக்கரம் லாக் ஆகுமே? எனக்கு அப்படி லாக் ஆகாமல் கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறது, ஸ்பிளெண்டரில் இல்லை.

பட்டறை:
நல்ல கேள்வி. அதனால்தான் கியரை வளைவுக்கு முன்பே இறக்க வேண்டும், முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கியராக இறக்கி, கிளட்சை மெதுவாக விட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது கியரில் கை கால் வைக்கவே கூடாது, மழை நேரத்தில் சொல்லவே வேண்டாம். உங்கள் வண்டிக்கும் இதே விதிதான் தம்பி. ரெவ் லிமிட்டர் ஆக்சிலேட்டரால் வரும் ஆர்பிஎம்மைத்தான் தடுக்கும், வேகத்தில் தப்பாக கியர் இறக்கினால் சக்கரம் சுற்றிவிடும் ஆர்பிஎம்மை அதனால் தடுக்க முடியாது. வால்வு வளைந்து பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணம்.

நூறுசிசி:
ஏறும்போது கொண்டை ஊசியில் 1வது போடச் சொல்வீர்களா? நான் 2வதிலேயே வைத்து, கிளட்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வளைப்பேன்.

பட்டறை:
ஒன்றிரண்டு வளைவுக்குச் சரி. 70 வளைவுக்கும் அப்படிச் செய்தால் கிளட்ச் பிளேட் கருகும். டபுள்ஸில் உள்பக்கமாகத் திரும்பும் செங்குத்து வளைவுக்கு 1வதுதான், தயங்காதீர்கள். வெளிப்பக்கமாக அகலமாக எடுக்க இடம் இருந்தால் 2வது போதும். மேலிருந்து வருகிறவர்கள்தான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், ஆனால் பஸ் திரும்ப முழு ரோடும் தேவைப்படும், அதைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று, 1வதில் புறப்படுங்கள்.

நூறுசிசி:
டபுள்ஸுக்கு ஒத்துக்கொள்கிறேன். தனியாகப் போகிறவர்களுக்கு 2வது போதும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.