கறுப்புத் திரை: லேப்டாப் எழாமல் படுத்த கதைகளைச் சொல்லுங்கள்

ஈசூன் அப்பா

இரண்டு மாதமாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பு. உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். உள்ளே பொண்ணுடைய பாலிடெக்னிக் பிராஜெக்ட். மறு பிரதி எடுத்து வைத்தாயா என்று கேட்டால் அழுகிறாள். முதலில் போன கடையில், பேர் வேண்டாம், “மதர்போர்டு (உள்ளே இருக்கிற மெயின் போர்டு) போச்சு அங்கிள், 420 வெள்ளி” என்றார்கள். பார்த்துச் சொன்னதற்கே 40 வெள்ளி.

மறுநாள் நம்ம சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதி, சிம் லிம் ஸ்குவேர் போனேன். மேல்மாடி மூலையில் சின்னக் கடை, ஒரு சீனப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் கேப்ஸ் லாக்கை இரண்டு முறை தட்டினார். அதன் விளக்கு எரிந்தது, அணைந்தது. என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, டார்ச்சைப் போட்டு, திரைக்குச் சாய்வாகப் பிடித்தார். “சீ” என்றார். குனிந்தேன். கறுப்புக்குள்ளே, கிணற்றடியில் கிடப்பதுபோல, மங்கலாக என் மகள் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும்.

திரைக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சம் மட்டும்தான் போயிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அது ஒழுங்காக எழுந்து, பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருந்திருக்கிறது. நான்தான் பொத்தானை அமுக்கி அமுக்கி அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

திரை மாற்ற 150 வெள்ளி. டார்ச் அடித்துப் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை, மீ ஆறிப்போய்விடும் என்பதுபோல் திரும்பிவிட்டார். முதல் கடைக்காரருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தே சொன்னாரா? அந்த 40 வெள்ளி இன்னும் உறுத்துகிறது.

உட்லண்ட்ஸ்காரி

எனக்கு ஒரு நைட் முழுக்கப் போச்சு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, கணினி எழுவதற்கான ‘பூட் டிவைஸ்’ இல்லையாம். வீட்டுக்காரர் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். காலையில் மாமியார் மேசையைத் துடைக்க வந்தவர், “இது என்னம்மா குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு” என்று பிடுங்கினார். தம்ப்டிரைவ். அதிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து முழித்திருக்கிறது. எடுத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. மாமியார் இன்றுவரை தீபாவளிக்குத் தீபாவளி இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பழைய டெக்னீஷியன்

ஈசூன் அப்பா, கோபப்படாதீர்கள், முதல் கடைக்காரர் பொய்தான் சொன்னார் என்று சொல்ல முடியாது. திரை வெளிச்சத்துக்கு மின்சாரம் மதர்போர்டிலிருந்துதான் போகிறது. அங்கே ஒரு சின்ன ஃபியூஸ் போனாலும் இதே கறுப்புதான். ஆனால் டார்ச் அடித்துப் பார்க்காமல் 420 கேட்டது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, ஓஎல்இடி திரையில் இந்த டார்ச் வித்தை பலிக்காது. அதில் பின்வெளிச்சமே கிடையாது.

வீட்டில் டிவி இருக்கிறதல்லவா, எச்டிஎம்ஐ கம்பியைச் செருகுங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு திரைப் பக்கம். வரவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழலும் வகை என்றால் அதையும் கழற்றுங்கள், பவர் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். கேட்டால் சிரிப்பீர்கள், என்னிடம் வந்ததில் பல இதிலேயே எழுந்துவிட்டன. பீப் பீப் என்று கத்தினாலோ, கேப்ஸ் லாக் விளக்கு கணக்காகச் சிமிட்டினாலோ எத்தனை முறை என்று எண்ணி எழுதி வையுங்கள். தயாரிப்பாளர் கையேட்டில் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும், பெரும்பாலும் ரேம், அதாவது நினைவகப் பலகை. ரேமைக் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டினாலே சரியாவதும் உண்டு. லோகோ வந்து, புள்ளிகள் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? அப்போதே பொத்தானைப் பிடித்து அணையுங்கள், மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகப் பழுதுபார்க்கும் பக்கத்துக்குப் போகும். அங்கே சேஃப் மோட், அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும் முறை. விண்டோஸைப் புதிதாகப் போடும் ரீசெட்டை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள், கோப்பு போனால் போனதுதான்.

என் கதையா? ஒரு வாடிக்கையாளரின் கீபோர்டுக்குள்ளிருந்து குட்டிகளோடு கரப்பான் வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத மனமில்லை.

இரவுப் பணியாளன்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருள் பிழையான அப்டேட் அனுப்பியதில், மைக்ரோசாப்ட் கணக்குப்படி உலகம் முழுக்க 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் விழுந்த நாள். நம்மூர் நேரம் மதியம் பன்னிரண்டு தாண்டி. ஷென்டன் வே அலுவலகத்தில் ஐடி பிரிவில் இருந்தேன், அப்போதுதான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். தலை நிமிர்ந்தால் மாடி முழுக்க நீலம், ஒவ்வொன்றிலும் சோகமான முகம்.

மருந்து என்னவோ சுலபம். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்ததால் ஒவ்வொரு கணினியும் 48 இலக்கச் சாவி கேட்டது, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. சாவிகள் இருந்த சர்வரும் நீலத்தில் கிடந்தது. அதை எழுப்பவே சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்புறம் கணக்குப் பிரிவு அக்கா தாளைப் பார்த்து வாசிக்க, நான் தட்டினேன். நாற்பதைத் தாண்டியதும் அவர் குரல் கரகரத்துவிட்டது. ஒரு இடத்தில் “ஏழா, ஒண்ணா?” என்று கேட்டேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, எனக்கே தெரியல” என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்று விடியும்வரை வேறு எதற்கும் சிரிக்கவில்லை.

டெக்னீஷியன் அண்ணன் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்: புது லேப்டாப் பலவற்றில் நீங்கள் கேட்காமலே அந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றினால் கட்டாயம் சாவி கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அது அங்கே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

துவாஸ் தம்பி

நான் விடுதியில் இருக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப், டச்பேட் மேடு தட்டியிருந்தது. சூட்டில் அப்படி ஆகும் என்று ரூமில் ஒரு அண்ணன் சொன்னார். ஒரு நாள் ஆன் ஆகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காட்டினேன். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றியதும் ஒரு எட்டுப் பின்னால் போனார். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. நான் இரண்டு மாதம் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன், எங்கள் அறையில் பன்னிரண்டு பேர்.

பழைய டெக்னீஷியன்

துவாஸ் தம்பி, அப்படிப்பட்டதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது. குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இரவுப் பணியாளன், சாவி விஷயம் எழுத நினைத்தேன், ஏற்கெனவே நீளம் என்று விட்டேன்.

ஈசூன் அப்பா

உங்களுக்கே நீளம் என்று தோன்றியதா அண்ணே! சரி, ஃபியூஸ் விஷயம் எனக்குத் தெரியாது. பாதிக் கோபம் குறைந்தது. மீதிப் பாதி 40 வெள்ளிக்கு.

உட்லண்ட்ஸ்காரி

அந்தப் பெரியவர் கடை எந்த மாடி? அக்கா வீட்டில் ஒன்று மூன்று நாளாகக் கறுப்பாகவே கிடக்கிறது.

ஈசூன் அப்பா

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்மா.