நியூரோசயின்ஸ் இளங்கலை: உள்ளே என்ன இருக்கிறது?

நியூரோசயின்ஸை, அதாவது மூளையையும் நரம்புகளையும் பற்றிய அறிவியலை, முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை முடித்தவள் நான். இந்தப் படிப்பில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் கனவு, ஞாபகம், மனநோய் என்று ஏதோ ஒன்றின் மேல் உள்ள ஆசையில்தான் வருகிறார்கள். என்னை இழுத்தது ஞாபகம். ஆனால் ஆரம்ப வருடங்களில் அதையெல்லாம் அதிகம் பார்க்க முடியாது. அப்போது படிப்பது உப்பையும் மின்சாரத்தையும்தான்.

நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் கீழே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் உள்ள அயனி அளவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் பொட்டாசியத்துக்கு மட்டும் போட்டால் விடை 90க்குப் பக்கத்தில் வருகிறது. மீதி எங்கே போனது? ஓய்விலும் சோடியம் கொஞ்சம் உள்ளே கசிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பதில். அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

அப்புறம், நரம்பில் மின்துடிப்பு எப்படி உருவாகிறது என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952இல் வெளியிட்ட கட்டுரைகள். கணவாய் இனத்தின் ராட்சத ஆக்சான் (நியூரானின் நீண்ட இழை) ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும் என்பதால், அதற்குள் மின்முனையையே நுழைத்து அளந்தார்கள். சமன்பாடுகளைத் தீர்க்க ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தினார். செல்லின் சவ்வில் அயனிகள் கடக்கும் ஒற்றை வாயில் வழியே ஓடும் மின்னோட்டத்தை நேஹரும் சாக்மனும் பதிவு செய்தது 1976இல்தான். வாயிலை யாரும் பார்ப்பதற்கு முன்பே ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அது எப்படித் திறந்து மூடும் என்று எழுதிவிட்டார்கள்! எனக்கு இன்றும் இது பெரிய வியப்பு.

லேபில் மறக்க முடியாதது கரப்பான் பூச்சியின் கால். பூச்சியைப் பனிக்கட்டி நீரில் மரக்கவைத்து, ஒரு காலை வெட்டி, அதில் இரண்டு ஊசிகளைக் குத்தி, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கரில் இணைப்போம். முதலில் வெறும் இரைச்சல். காலில் உள்ள ஒரு முள்ளைப் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளியதும் படபடவென்று வெடிப்புச் சத்தம். தள்ளியபடியே பிடித்திருந்தால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தொடர்ந்து வரும் தூண்டலுக்கு நரம்பு பழகிக்கொள்கிறது என்று புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. காதால் கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது.

புள்ளியியலும் புரோகிராமிங்கும் பலருக்கு வேப்பங்காய். ஆனால் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது. செத்துப்போன சால்மன் மீனை, மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி ஓர் ஆய்வுக்குழு 2009இல் சோதித்தது. திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் சில இடங்கள் வேலை செய்வதாகக் காட்டியது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் தற்செயலாகச் சில இடங்கள் ஒளிரத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ளாமல் மூளைப் படங்களைப் பற்றிப் பேசுவது ஆபத்து.

கடைசி வருடத்தில் ஒருவழியாக ஞாபகம் வந்தது. 1973இல் பிளிஸ்ஸும் லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் (ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதி), வேகமான தூண்டலுக்குப் பிறகு சினாப்ஸ் (இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடம்) நீண்ட நேரம் வலுப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பின்னால் இருப்பது, பக்கத்து நியூரான் அனுப்பும் ரசாயனச் செய்தியைப் பிடிக்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதம். அதன் வாயிலை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். செய்தி வந்து சேரும் அதே நேரத்தில் நியூரானும் ஏற்கனவே தூண்டப்பட்டிருந்தால்தான் மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே வரும். மறுபடியும் அதே உப்பு, அதே மின்சாரம்! முன்பு போட்ட கணக்கெல்லாம் இல்லாமல் இந்த வகுப்பு எனக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது.

இந்தப் பட்டம் மட்டும் உங்களை நரம்பியல் மருத்துவர் ஆக்காது, அதற்கு மருத்துவம் தனியாகப் படிக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் மருத்துவம், தரவுப் பகுப்பாய்வு, உளவியல் என்று பிரிந்து போனார்கள். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் சீக்கிரமே ஒரு ஆய்வகத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணாடிக் குடுவை கழுவவும், படங்களில் செல்களை எண்ணவும்தான் சொல்வார்கள். சலிக்காமல் செய்யுங்கள். பக்கத்து மேசையில் சோதனை சொதப்பும்போது அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்க்கக் கிடைப்பது அங்கேதான், எந்த வகுப்பிலும் அது வராது.