13 வயதுப் பொடியனுக்குத் தடிச்ச மட்டையா, சின்ன மட்டையா?

விசுவமட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 8 படிக்கிறான். வயசு 13, உயரம் 5 அடிக்கு ஒரு விரல் கூட. 15 வயசுக்குட்பட்ட பள்ளிக்கூடக் கடினப்பந்துக் கிரிக்கெற் அணிக்கு இந்த வருசம்தான் எடுத்திருக்கினம். கொழும்பில இருக்கிற மாமா மட்டை வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார். போன கிழமை வவுனியாவில ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். போன உடன அவன் கையில எடுத்தது பெரியாக்கள் பாவிக்கிற முழு அளவு மட்டை. விளிம்பு மட்டும் என்ர ரெண்டு விரல் தடிப்பு இருக்கும், நிறை 2 இறாத்தல் 11 அவுன்ஸ். பக்கத்தில பொடியங்களுக்கான 6ஆம் நம்பர் அளவு மட்டை ஒண்டு இருந்தது, 2 இறாத்தல் 4 அவுன்ஸ், பார்க்க மெலிசு. "பெரிசை எடுங்கோ, வளர வளரப் பாவிப்பான்" எண்டு கடைக்காரர் சொல்லுறார். பள்ளிக்கூடச் சேர் சின்னதைத்தான் எடுக்கச் சொல்லுறார். விலையில பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஒருக்காத்தான் வாங்கலாம். மூண்டு நாளாப் பொடியன் சரியாச் சாப்பிடுறானும் இல்லை. அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்.

பந்தடி_பரந்தன்:
அண்ணை, யோசிக்காமப் பெரிசை எடுங்கோ. நான் 15 வருசமாக் கழகத்துக்கு அடிக்கிறன். எங்கட இடத்தில ஆர் புல்லுத் தரையில விளையாடுறது? பங்குனியில காலபோக நெல்லு வெட்டின வயலுக்க விளையாடுறம், இல்லாட்டிக் கிறவல் தரையில கயிற்றுப் பாய் விரிச்சு விளையாடுறம். ஒரு பந்து முழங்காலுக்கு வரும், அடுத்தது கணுக்காலோட உருண்டு போகும். பத்துப் பந்தில நாலு நடுவில படாது. மெலிஞ்ச மட்டையில விளிம்பில பட்டால் மட்டை கைக்குள்ள திரும்பும், பந்து நேர பொயின்றில நிக்கிறவன்ர கைக்குப் போகும். தடிச்ச விளிம்பெண்டால் அதே அடி அவன்ர தலைக்கு மேலால போகும். ஆடியில சோளகம் பரந்தன் வெளியில அடிக்கேக்க, காத்துக்கு எதிரா 6ஆம் நம்பரால ஒரு பந்தைத் தூக்கிப் பார்க்கட்டும், தெரியும். இன்னும் ரெண்டு வருசத்தில பொடியன் அஞ்சரை அடிக்கு வந்திடுவான். அப்ப திரும்ப ஒரு மட்டைக்கு எங்க போறது?

மல்லாவி வாத்தியார்:
பரந்தன் தம்பி, நீங்கள் அடிப்பது மென்பந்து. அதாவது ரெனிஸ் பந்து; அதன் நிறை 57 கிராம் அளவு. இந்தப் பிள்ளை எதிர்கொள்ளப் போகும் கடினப்பந்து 156 முதல் 163 கிராம். இலேசான பந்து பட்டு மட்டை அசையப்போவதில்லை. வீச்சின் வேகத்தால்தான் பந்து போகிறது. கடினப்பந்து மட்டையைத் திருப்பித் தள்ளும். அங்கே மரத்தின் நிறைக்குப் பலன் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிறையைப் பந்து வந்து சேருமுன் கீழே கொண்டுவர ஒரு கை வேண்டுமே.

உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு நுனியில் பிடித்துத் தூக்குங்கள். உலக்கை ஒன்றுதான், ஆனால் கை வேறு கதை சொல்லும். மேல்கையிலிருந்து, அதாவது பிடியின் உச்சியைப் பிடிக்கும் கையிலிருந்து, 40 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் 100 கிராம் மரத்தையே 70 சென்ரிமீற்றருக்குத் தள்ளிவிட்டால், மட்டையைச் சுழற்றும்போது அது தரும் பாரம் மூன்று மடங்காகும். தடித்த மட்டைகளில் கூடுதல் மரம் எங்கே இருக்கிறது? அடிப்பாகத்தில்.

இன்னொன்று. பெரிய மட்டை என்றால் முகம் அகலம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். 1771இல் இங்கிலாந்தில் ஷொக் வைட் என்று அழைக்கப்பட்ட ஒருவர் ஹம்பிள்டன் கழகத்துக்கு எதிராக விக்கெற் முழுவதையும் மறைக்கும் அகலத்தில் மட்டை கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்த நாலேகால் அங்குல விதி, அதாவது 10.8 சென்ரிமீற்றர், இன்றுவரை மாறவில்லை. கூடிக்கொண்டே போனது தடிப்பு மட்டும்தான். அதற்கும் 2017 ஒக்ரோபரில், கிரிக்கெற் விதிகளை எழுதும் எம்.சி.சி. கழகம் எல்லை போட்டது: விளிம்பு 4 சென்ரிமீற்றர், முதுகு 6.7.

பந்தடி_பரந்தன்:
சேர், எல்லை போட்டதே தடிப்பில பலன் இருக்கிறதாலதானே? பலன் இல்லாட்டி எம்.சி.சி. ஏன் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருது? அந்த விதி வந்த நேரம் அவுஸ்திரேலியாவின்ர டேவிட் வோர்னரே மட்டையை மாத்தவேண்டி வந்தது. ரெண்டுல்கர் மூண்டு இறாத்தலுக்குக் கிட்டப் பாவிச்சவர். அவர் பெரிய உயரமான ஆளோ?

மல்லாவி வாத்தியார்:
ரெண்டுல்கரைச் சொன்னால் அந்தக்கால அவுஸ்திரேலிய வீரர் பிரட்மனையும் சொல்லவேண்டும். இன்றைய கடைகளில் பெரியவர்களுக்கு என்று விற்கும் மட்டைகளைவிட அவர் பிடித்தது நன்றாக இலேசானது. 2010 ஐபிஎல் போட்டியில் ஹெய்டன் மங்கூஸ் என்ற மட்டையால் அடித்ததையும் பார்த்திருப்பீர்கள். முகம் கட்டை, பிடி நீளம். அந்தச் சின்ன முகத்தாலேயே பந்து மைதானத்துக்கு வெளியே போனது.

பந்தடி_பரந்தன்:
மங்கூஸை இப்ப ஆர் பாவிக்கினம் சேர்? காலடியில விழுற யோர்க்கர் பந்து வந்தா மறிக்க முகம் இல்லை எண்டுதான் விட்டிட்டினம். பொடியனுக்கு மறிக்கத்தானே முதல்ல பழக்கவேணும்.

மல்லாவி வாத்தியார்:
அது சரி. மங்கூஸை நான் வாபஸ் வாங்குகிறேன்.

முறிகண்டியான்_ரொறன்ரோ:
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நான் இஞ்ச ஒரு கோல்ப் திடலில 11 வருசமாப் புல்லு வெட்டுறன். இந்தப் பெரிசா சின்னனா சண்டை இஞ்சயும் நடந்ததுதான். கோல்பில முதல் அடி அடிக்கிற தடிக்கு டிரைவர் எண்டு பேர். முந்தி அதின்ர தலையைப் பேர்சிமன் மரத்தில கடைஞ்சவை, கைப்பிடிக்குள்ள அடங்கிற அளவுதான். (பேர்சிமன் எங்கட வன்னிக் காட்டில நிக்கிற கருங்காலியின்ர இனம். அதை அறிஞ்ச அண்டு எனக்கு நித்திரை வரேல்லை.) 1991இல கலவே கம்பனி உருக்கில 190 கன சென்ரிமீற்றரில பிக் பேர்த்தா எண்டு ஒண்டை விட்டது. அந்த நேரம் அதுவே பெரிய தலை. பிறகு ரைற்றேனியம் வந்து, தலை ஊதி ஊதி, 2004இல 460க்கு மேல போகேலாது எண்டு விதி போட்டினம். இப்ப கடைக்குப் போனால் கிட்டத்தட்ட எல்லாம் 460தான்.

ஆனா ஒரு விசயத்தை வடிவாப் பாருங்கோ. தலை அவ்வளவு பெருத்தும் அதின்ர நிறை இண்டைக்கும் 200 கிராம் அளவுதான். உள்ளுக்கு வெறுங்கோறை. இருக்கிற நிறையை நடுவில இருந்து சுத்திவரத் தள்ளினபடியால மையம் தப்பிப் பட்டாலும் தலை திரும்பாது. அதாலதான் புதுசாப் பழகிற ஆக்களிட்டப் பெரிய தலையைக் குடுக்கினம். கைதேர்ந்த ஆக்களில சிலபேர் 440, 450 எண்டு கொஞ்சம் சின்னன் எடுக்கினம், பந்தை விரும்பின பக்கம் வளைக்கலாம் எண்டு. ஆக விளிம்பில பட்டாலும் திரும்பாது எண்டு பரந்தன் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனா கோல்பில அது நிறை கூடாமல் கிடைச்சது. எங்கட மட்டையைக் கோறையாக்கேலாது. 1979இல பேர்த் மைதானத்தில அவுஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோட வந்து நிண்ட பிறகு, அடிக்கிற பாகம் மரமாத்தான் இருக்கோணும் எண்டு விதியிலயே எழுதிப்போட்டினம். மரத்தில தடிப்புக் கூடினால் நிறையும் கூடத்தானே வேணும்?

பந்தடி_பரந்தன்:
கூடத் தேவையில்லை அண்ணை. 4 சென்ரிமீற்றர் விளிம்போட 2 இறாத்தல் 8 அவுன்ஸ் மட்டை கடையில இருக்கு. என்ர கையால தூக்கிப் பாத்தனான்.

குளக்கட்டு_தச்சன்:
இருக்கு தம்பி, பொய் இல்லை. அந்த மட்டையள்தான் என்ர பட்டறைக்குக் கூட வருகுது.

நான் இரணைமடுப் பக்கம். கதவு, நிலை செய்யிறதுதான் தொழில், மட்டை ஒட்டுறது பின்னேரத்து வேலை. தடிப்பும் வேணும் நிறையும் குறையோணும் எண்டால் ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு, மட்டை செய்யிற வில்லோ மரத்தைக் கூடக் காயவைச்சு ஈரத்தை எடுக்கிறது. மற்றது, உருளையால அமத்திறதைக் குறைக்கிறது. ரெண்டிலயும் பந்து நல்லாப் பாயும், ஆனா மட்டை சீவியம் குறைவு. போன மார்கழியில ஒரு பிள்ளை ஒண்டைக் கொண்டுவந்தது. வாங்கி அஞ்சு மாசம். தூக்கினால் நெட்டி மாதிரி, அவ்வளவு இலேசு. ஆடி ஆவணி முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழ செருகி வைச்சிருக்கினம். உள்ள ஈரமும் போட்டுது. பிறகு ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்ச பாயில நிண்டு அடிச்சிருக்கு. மட்டையின்ர அடி தண்ணியைக் குடிச்சுப் புட்டு மாதிரி ஊதி, அதில இருந்து மரத்தில ஓடுற ரெண்டு கோட்டுக்கு நடுவால நாலு விரல் உயரத்துக்குப் பிளவு. நகத்தை வைச்சால் உள்ளுக்க போகுது. ஒட்டிக் குடுத்தனான், ஆனா முகத்தில தட்டினால் வந்த "டொக்" எண்ட சத்தம் பிறகு வரேல்லை. அந்தப் பிள்ளை அதைக் காதில வைச்சுத் தட்டித் தட்டிப் பாத்தது இப்பவும் என்ர கண்ணுக்க நிக்குது.

அளவை நீங்கள் முடிவெடுங்கோ. எதை எடுத்தாலும், அடியில ரப்பர் ஒட்டாமல் வெளியில கொண்டுபோகாதையுங்கோ. லின்சீட் (ஆளி விதை) எண்ணெயை முகத்துக்கும் விளிம்புக்கும் மெல்லிசாப் பூசிப் படுக்கவைச்சுக் காயவிடுங்கோ. பிடி செருகின இடத்தில எண்ணெய் படக்கூடாது, பசை விட்டிடும். பிறகு மரச்சுத்தியலால விளிம்பில இருந்து நடுவுக்கு, முதல் மெல்லமாத் தொடங்கி, ஆறு மணித்தியாலமாவது தட்டோணும். ஒரு நாளில முடிக்கிற வேலை இல்லை. தகப்பனும் மகனுமா மாமரத்துக்குக் கீழ இருந்து பத்து நாள் தட்டுங்கோ.

இடக்கை_முல்லைத்தீவு:
நான் பள்ளிக்கூடப் பெண்கள் அணியில விளையாடினனான். அண்ணாவின்ர முழு மட்டைதான் எனக்குக் கிடைச்சது. அப்ப என்ர உயரம் 4 அடி 11. அது எனக்குப் பாரம் எண்டு ஆரும் சொல்லேல்லை, எனக்கும் தெரியேல்லை. தூக்கேலாமல் பிடியின்ர அடியில கையை வைச்சுப் பிடிச்சன். மேல்கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அடி முழுக்கக் கீழ்க்கைதான். நேர வாற பந்தையும் வளைச்சு லெக் பக்கம் இழுப்பன். ரெண்டு வருசம் எல்லாரும் "நல்ல அடி" எண்டு கைதட்டிச்சினம். மாகாண மட்டத்தில விளையாடப் போனால் நேராப் போடத் தெரிஞ்ச ஒரு பிள்ளை மூண்டாவது பந்திலயே ஸ்டம்பைக் கழட்டிப்போட்டுது. பிறகு இலேசான மட்டையைப் பிடிச்சு, முழங்கையை மேல கொண்டுவாறதை முதல்ல இருந்து பழக ஒரு வருசம் போச்சு. அந்த வருசத்தோட பள்ளிக்கூடமும் முடிஞ்சுது.

மகன்ர சேர் சொல்லுறதைக் கேளுங்கோ அண்ணை. அவரைத் தவிர வேற ஆரும் அந்தப் பொடியன் விளையாடுறதைக் கண்ணால பாக்கேல்லை.

பந்தடி_பரந்தன்:
தங்கச்சி, உங்கட கதையை வாசிச்சுக் கவலையாப் போச்சு. ஆனா என்ர பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 2009இல எனக்கும் 13 வயசு. மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குப் பின்னால, சாமான் வந்த பெட்டிப் பலகையை ஆரோ கத்தியால செதுக்கித் தந்த மட்டை. ஒரு பக்கம் ஆணி ஓட்டை, பிடிக்குச் சீலை சுத்தினது, அடிச்சால் தோள் மட்டும் விறைக்கும். அளவு பாக்க ஆரும் இல்லை. அதுதான் எங்கட கையைப் பலப்படுத்தினது எண்டு இண்டைக்கும் நம்பிறன். கடைக்குப் போய் ஒரு மட்டையை ஆசையாத் தூக்கிற சந்தர்ப்பம் எனக்குக் கிடைச்சிருந்தால், நான் தூக்கினதை ஆரும் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தால், நான் விளையாட்டையே விட்டிருப்பன். பொடியன் விரும்பின மட்டையெண்டால் அதோடதான் படுப்பான், விடிய அதோடதான் எழும்புவான். அந்த ஆசையை நீங்கள் ஒருத்தரும் அவுன்ஸில நிறுக்கேல்லை.

மல்லாவி வாத்தியார்:
தம்பி, இதற்குப் பதில் எழுத எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. ஆசை பெரிய விடயம்தான். முப்பது வருடம் பிள்ளைகளோடு நின்றவன், எனக்கும் தெரியும். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய மட்டையால் ஓட்டம் வராதபோது, பிள்ளை மட்டையில் குறை காண்பதில்லை. தனக்கு விளையாட்டு வராது என்றுதான் முடிவெடுக்கிறான். நல்ல பிள்ளைகள் சிலரை நான் அப்படி இழந்திருக்கிறேன்.

விசுவமட்டார், ஒரு சோதனை சொல்கிறேன். மகன் வலக்கைக்காரன் என்றால் இடது கையால் மட்டும் பிடியின் மேல்பகுதியைப் பிடித்து, பின்னால் தூக்கி நேராக வீசச் சொல்லுங்கள். பத்துத் தடவை. முழங்கை உயர்ந்தபடி பத்தும் வந்தால் அந்த மட்டை அவனுக்குச் சரி. நாலாம் ஐந்தாம் தடவையில் முழங்கை விலாவோடு ஒட்டினால், அல்லது மட்டையின் முகம் வெளிப்பக்கம் திரும்பினால், வைத்துவிடுங்கள். உயரத்தைப் பார்த்தால் அவன் 6ஆம் நம்பருக்கு உரியவன். 5 அடி 3 அளவில் வரும்போது ஹரோவ் என்ற அடுத்த அளவுக்குப் போகலாம். முழு மட்டைக்கு இன்னும் அரை அடி வளரவேண்டும்.

விசுவமட்டான்:
எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இருந்து எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. வாத்தியார் சொன்ன சோதனையை வீட்டில இருந்த பழைய மட்டையால செய்து பாத்தனாங்கள். அது என்ர மருமகன்ர, 2 இறாத்தல் 9. ஆறாவதில முழங்கை விழுந்திட்டுது. "கை வேர்த்திட்டுது அப்பா, திரும்பச் செய்யிறன்" எண்டான். திரும்ப அஞ்சில விழுந்தது. ஒண்டும் பேசாமல் போய்ப் படுத்திட்டான். விடியக் காலமை பார்த்தால் முத்தத்தில தனிய நிண்டு இடக்கையால வீசிக்கொண்டு நிக்கிறான். எனக்கு என்ன செய்யிறதெண்டு இப்பவும் விளங்கேல்லை.

பந்தடி_பரந்தன்:
அண்ணை, கடைக்கு இப்ப போகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கட மைதானத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. காலமை ஆறரைக்கு, வெயில் ஏற முன்னம். பாய் விரிச்சு வைக்கிறன், கடினப்பந்து போட ரெண்டு பொடியங்களும் நிப்பினம். என்ர தம்பியின்ர 6ஆம் நம்பர் ஒண்டு பரணில கிடக்கு, நல்ல மரம். என்ர தடிச்சதும் இருக்கு. ரெண்டாலயும் முப்பது முப்பது பந்து அடிக்கட்டும். நான் பெரிசு எண்டுதான் இன்னும் சொல்லுறன், ஆனா அவன் அடிக்கிறதைப் பாத்துச் சொல்லுறன். வாத்தியார் சேர், ஏலுமெண்டால் நீங்களும் வாங்கோ. மல்லாவி பஸ் மாங்குளத்துக்கு வந்ததும் ஒரு போன் கோல் அடியுங்கோ, நான் மோட்டச்சைக்கிளில வந்து ஏத்திறன்.