மிஷன் ட்ரிப்: சாட்சியில் சொல்லாமல் விட்டவை

2015 நவம்பர் கடைசியில் எங்கள் சபையிலிருந்து பதினோரு பேர் நேபாளம் போனோம். அந்த வருஷம் ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு பூகம்பத்துக்கு மையம் கூர்க்கா மாவட்டம். எங்களுக்கு ஏற்பாடாகியிருந்ததும் அந்த மாவட்டத்தில்தான், மலைமேல் ஒரு கிராமம். சென்னையிலிருந்து இரண்டு ராத்திரி ரயில், கோரக்பூரில் இறங்கி ஜீப், அப்புறம் சுனௌலியில் நடந்தே எல்லையைக் கடந்தோம். விசா கிடையாது. கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் கூட்டி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான் வெளிநாடு.

போன நேரம் சரியில்லை. செப்டம்பர் 20-ல் நேபாளத்தில் புதிய அரசியல் சட்டம் வந்தது. இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில் வாழும் மதேசி மக்கள் அதை எதிர்த்துப் போராட, எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. இந்தியா தான் தடுக்கவில்லை என்றது. நாங்கள் பார்த்த நேபாளிகளில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. பெட்ரோல் கள்ள விலையில் லிட்டர் 400, 500 நேபாள ரூபாய், அதுவும் தண்ணீர் பாட்டிலில். பஸ் கூரையெல்லாம் ஆட்கள். முக்லிங்கில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் விறகை ஊதிக்கொண்டே இந்தியில், "இந்தியாவா? கேஸ் கொண்டு வந்தீங்களா?" என்றார். சிரித்தபடிதான் கேட்டார், ஆனால் அது சிரிப்பு இல்லை. நாங்கள் தெற்கே கடைசியில் இருக்கிறோம், டில்லிக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம் என்று எங்கள் தலைவர் விளக்கினார். "பாஸ்போர்ட் ஒண்ணுதானே" என்றார் அவர். டீக்குக் காசு சரியாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

கிராமத்துப் பாஸ்டர் எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும் முதலில் கேட்டது கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரம், இருக்கிறதா என்று. இருந்தது, நேபாளியில் 2,000 பிரதி, சென்னையிலேயே அச்சடித்தது. அதைக் கடைசிவரை வெளியே எடுக்க வேண்டாம் என்றுவிட்டார். புதிய சட்டத்தின் 26-ஆம் பிரிவில் அடுத்தவரை மதம் மாற்றுவதற்குத் தடை இருக்கிறது. நாங்கள் ரயிலேறிப் போய்விடுவோம், போலீஸ் நிலையத்தில் உட்காரப்போவது அவர். இது தெரியாமலே மூன்று மாதம் உபவாச ஜெபம் நடத்திக் கிளம்பியிருந்தோம்.

அங்கே ஆராதனை சனிக்கிழமை. நாட்டுக்கே வார விடுமுறை அன்றுதான், ஞாயிறு வேலை நாள். பூகம்பம் வந்ததும் சனிக்கிழமைதான், பகல் 11:56. பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகள் தப்பினார்கள். ஆராதனை நேரம் என்பதால் சபைகளுக்குள் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இந்த ஊரிலும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஆலயச் சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. அதில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவின் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் எங்கள் கூடாரம்.

ஊரே அவரை 'ஆமா' என்று கூப்பிட்டது. நேபாளியில் ஆமா என்றால் அம்மா. இது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை நாங்கள் எங்களுக்குள் பேசும்போதெல்லாம் "ஆமா, ஆமா" என்போம். அந்த அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். என்ன வேண்டும் என்று கையால் கேட்பார். ஒன்றுமில்லை என்று நாங்கள் தலையாட்டுவோம். ஐந்து நிமிஷத்தில் மறுபடி யாராவது "ஆமாப்பா" என்பார்கள், மறுபடி திரும்புவார். பாஸ்டரின் மகன் இதைக் கண்டுபிடித்து விளக்கியபோது அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்களில் யார் என்ன சொன்னாலும் அவர் பதிலுக்கு "ஆமா" என்பார், தமிழ் ஆமா.

ராத்திரி எங்களுக்கு தீடோ கிண்டிக் கொடுத்தார். தீடோ வேறொன்றுமில்லை, நம்ம ஊர் களிதான். தானிய மாவு, கொதிக்கிற தண்ணீர், கட்டை அகப்பை, இடைவிடாத கிண்டல். தொட்டுக்கொள்ள குந்துருக், புளிக்க வைத்துக் காயப்போட்ட கீரையில் வைத்த குழம்பு. எங்களில் தென்காசிக்காரர் ஒருவர் மூன்று உருண்டை சாப்பிட்டார்.

டிசம்பர் 2 காலை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போன பையன் ஓடி வந்தான். அவன் போனில் ஒரு படம், கோட்டூர்புரம் பக்கம் மாடி வரைக்கும் தண்ணீர். என் வீடு ஜாபர்கான்பேட்டை, தரைத்தளம், அடையாற்றிலிருந்து மூன்றாவது தெரு. அம்மா தனியாக இருந்தார். மேட்டில் ஏறி நின்று நாற்பது தடவையாவது அடித்திருப்பேன், ஒரு நம்பரும் போகவில்லை. அன்று மத்தியானம் சிறுவர் கூட்டம், நான்தான் பொம்மலாட்டம் காட்ட வேண்டும். காட்டினேன். என்ன காட்டினேன் என்று ஞாபகம் இல்லை.

சாயங்காலம் கொட்டகை அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இந்தி தெரியாது, எனக்கு நேபாளி தெரியாது. "ஆமாலாயி கஸ்தோ ச?" என்றார். உங்க அம்மா எப்படி இருக்காங்க என்று அர்த்தம். தெரியவில்லை என்று கையை விரித்தேன். அவர் ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார், குளிருக்கு. மறுநாள் காலையில் அதே கேள்வி, மத்தியானமும் அதே கேள்வி. மூன்றாம் தேதி ராத்திரிதான் சித்தி மகன் லைனில் கிடைத்தான். அம்மா மேல்மாடியில் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை, பீரோ மட்டும் போச்சு என்றான். நான் கொட்டகை வாசலில் நின்று கட்டை விரலைக் காட்டினேன். அவர் "ஆமா" என்றார்.

சனிக்கிழமை ஆராதனையில் சென்னைக்காக ஜெபித்தார்கள். பிறகு ஒரு சட்டியைச் சுற்றி விட்டார்கள். 1,340 நேபாள ரூபாய் சேர்ந்தது, பாதி பத்து ரூபாய் நோட்டு. எங்கள் தலைவர் வாங்க மாட்டேன் என்றார். பாஸ்டர் முகம் மாறிவிட்டது. "உங்க போர்வையை நாங்க வாங்கிக்கிட்டோமே" என்றார். வாங்கிக்கொண்டோம்.

எல்லையில் மாற்றியபோது 837 ரூபாய். எங்கள் தெருவைக் கழுவ பிளீச்சிங் பவுடர், நாலு துடைப்பம், இரண்டு மண்வெட்டி வாங்கினேன். சபைக்கு முன்னால் பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்ன அன்று போர்வைகள், கொட்டகைகள், சிறுவர் கூட்டம் எல்லாம் படத்தோடு ஓடியது. இந்த 837 மட்டும் வரவில்லை. முதலில் பொருளாளரிடம் சொன்னேன், அவர் இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று கேட்டார்.

—

அந்தக் குழுவில் நானும் இருந்தேன், நர்ஸாக. தம்பி விட்ட ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆண்கள் காதுக்கு வரவே இல்லை.

நான் கொண்டு போனது பிரஷர் பார்க்கும் கருவி, பாராசிட்டமால், கால்சியம் மாத்திரை, கொஞ்சம் கட்டுத் துணி. முதல் நாள் பெண்கள் வரிசையாக வந்து முட்டி வலி, தலைவலி என்றார்கள். இரண்டாம் நாள் பாஸ்டர் மனைவி கதவைச் சாத்திவிட்டு, இனிமேல்தான் நிஜமான வியாதி வரும் என்றார். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் கர்ப்பப்பை இறக்கம். ஒருத்திக்கு முப்பதுதான் இருக்கும். நேபாள மலைப் பகுதிகளில் இது பரவலாக இருக்கும் பிரச்சினை. பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே நெற்றியில் நாம்லோ வாரை மாட்டி, முதுகில் டோக்கோ கூடையோடு விறகும் புல்லும் சுமக்கிறார்கள். பூகம்பத்துக்கு அப்புறம் அதே கூடையில் இடிந்த வீட்டுக் கல். என் மாத்திரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கூர்க்கா பஜார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நேரம்.

அந்த முப்பது வயதுப் பெண் போகும்போது, அடுத்த வருஷமும் வருவீங்களா என்று கேட்டாள். வருவோம் என்றேன். போகவில்லை. சபை அடுத்த வருஷம் வேறு நாட்டைத் தெரிந்தெடுத்தது. பதினோரு பேருக்கு ஆன செலவில் ஒரு மகப்பேறு டாக்டரை இரண்டு தடவை அனுப்பியிருக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். வாலிபருக்கு ஊழியத் தரிசனம் வர வேண்டாமா அக்கா என்றார்கள்.

அப்புறம் தம்பி, அது மூன்று உருண்டை இல்லை, ஐந்து. ராத்திரி எனக்குத்தான் தூக்கம் போச்சு, ஓமத் தண்ணீர் கேட்டு எழுப்பினார்.

—

நான் தூத்துக்குடி. எங்கள் குழு போனது இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். மொழிக் கஷ்டம் இல்லை. ஆனாலும் நாங்கள் பேசியதைவிட அவர்கள் கேட்டதுதான் அதிகம்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு பாட்டி, கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. ஜெபம் பண்ணட்டுமா பாட்டி என்றேன். "அது இருக்கட்டும், நீங்க கூடலூர் போவீங்களா?" என்றார். தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அண்ணனுக்கு இந்தியாவும் தங்கையான பாட்டிக்கு இலங்கையும் விழுந்திருக்கிறது. அண்ணன் குடும்பம் 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனது. நீலகிரியில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று இரண்டு கடுதாசி வந்ததாம். 1983 கலவரத்தில் லயம் எரிந்தபோது கடுதாசிகளும் விலாசமும் போய்விட்டன. ஆட்களைத் தேட இந்தியாவிலிருந்து யாராவது வர மாட்டார்களா என்று இருந்திருக்கிறார். நாங்கள் கிதாரோடு வந்து இறங்கினோம்.

அண்ணன் பேர், அப்பா பேர், பழைய தோட்டத்துப் பேர் மூன்றையும் சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன். கூடலூருக்கு ஒரு தடவை போய்க் கேட்டேன். சேரம்பாடி, கோத்தகிரி பக்கமும் இருக்கலாம் என்றார்கள். அந்தப் பக்கம் டான்டீயில் வேலை பார்த்த, தாயகம் திரும்பிய குடும்பங்கள் யாருக்காவது பழக்கம் இருந்தால் சொல்லுங்கள், விவரம் தருகிறேன். பாட்டிக்கு எண்பத்திரண்டு ஆகிறது.