டிடக்டிபிளுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? கூடவே அண்டர்ரைட்டிங்

குழுவுல எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மத்தவங்க எழுதுறத படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டு வந்திருக்கேன். கோயமுத்தூர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நான். டிடக்டிபிளுக்கு (பில்லுல இவ்வளவு தொகை வரைக்கும் கம்பெனி தராது, அதுக்கு மேலதான் தரும்னு பாலிசியில போடுற வரம்பு) ஒரு நல்ல தமிழ் வார்த்தை வேணும், அழகா இல்லாட்டியும் பரவால்ல, கஸ்டமருக்கு தப்பா புரியாம இருந்தா போதும்.

ஏன் கேக்குறேன்னா, மில்லுல வேலை பாக்குற ஒருத்தர் போன மாசம் வந்தார். சூப்பர் டாப்-அப் பாலிசி (வருஷத்து மொத்த பில்லு டிடக்டிபிளத் தாண்டினா மட்டும் தர்றது), கவர் 10 லட்சம், டிடக்டிபிள் 3 லட்சம், வேற ஒரு ஏஜெண்ட்கிட்ட போட்டது. அவங்க குடுத்த தமிழ் நோட்டீஸ்ல "கழிவு: ரூ. 3,00,000"ன்னு இருக்கு. இவருக்கு வேற பாலிசி எதுவும் கிடையாது. பித்தப்பைக் கல்லு ஆபரேஷன், சிக்கலாகி பில்லு 2 லட்சத்து 40 ஆயிரம் வந்துருச்சு, கம்பெனி ஒரு ரூபா தரல. "அதான் மூணு லட்சம் கழிவு குடுத்திருக்காங்களே சார், அப்புறம் ஏன் தரமாட்டேங்குறாங்க"ன்னு என்னைக் கேக்குறார். புத்தகக் கண்காட்சியில 10% கழிவுன்னு போர்டு வைக்கிறோமில்ல, அந்தக் கழிவுன்னு நெனச்சிருக்கார். அவர் மேல என்ன தப்பு சொல்லுங்க.

மறுமொழி, தஞ்சாவூர்:

கழிக்கத்தக்க தொகை. இலக்கணப்படி சரி. முடிஞ்சுது.

மறுமொழி, மதுரை:

முடியலங்க ஐயா. "தத்தக்க" மாதிரி இருக்குன்றது ஒரு பக்கம் இருக்கட்டும், யாரு கழிக்கிறா, எதுலேர்ந்து கழிக்கிறா, எதுவுமே அதுல இல்ல. சம்பளத்துல பிடித்தம், வருமான வரியில கழிவு, இது ரெண்டையும் கேட்டுப் பழகின காதுக்கு கழிக்கத்தக்கதுன்னாலே ஏதோ வரிச்சலுகைன்னுதான் படும். நான் "முன்கைத் தொகை"ன்னு சொல்றேன். முதல்ல நம்ம கையிலேர்ந்து போகுற காசு.

மறுமொழி, கோவை:

> முன்கைத் தொகை

அண்ணே, முன்கை ஒடஞ்சா தர்ற பணம்னு நெனச்சுக்குவாங்க :-) ஆனா சிரிப்புக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. நம்மூர்ல டிடக்டிபிள் எப்பவும் கைக்காசாவே இருக்கணும்னு இல்ல. ஆபீஸ் குரூப் பாலிசி 3 லட்சம் இருக்குறவருக்கு நாங்க 3 லட்சம் டிடக்டிபிள்ல சூப்பர் டாப்-அப் எடுத்துக் குடுப்போம், முதல் 3 லட்சத்த ஆபீஸ் பாலிசி பாத்துக்கும், மிச்சத்துக்கு இது. அவர் கையிலேர்ந்து பெருசா எதுவும் போகாது. டாப்-அப் கம்பெனிக்கு அந்தக் காசு யாருதுன்னு கவலையே இல்ல, மூணு லட்சம் தாண்டிச்சான்றதுதான் கணக்கு. அதனால "கை"ன்னு வார்த்தையில வந்தாலே பாதிப் பேருக்கு தப்பாயிடும்.

மறுமொழி, நியூஜெர்சி:

இங்க "கை" சரியா வரும், அதனால ஒரு எதிர்வாதம். அமெரிக்காவுல தனியாளா பாலிசி வாங்குறவங்களுக்கு பெரிய டிடக்டிபிள் பிளான்னா நிஜமாவே சொந்தக் காசுதான் போகும். 2003 கடைசியில மெடிகேர் சட்டத்தோட எச்.எஸ்.ஏ. (மருத்துவச் சேமிப்பு) கணக்கக் கொண்டுவந்தாங்க, 2004லேர்ந்து நடைமுறை, அப்ப தனியாளுக்கு டிடக்டிபிள் குறைஞ்சது 1,000 டாலர் இருக்கணும்னு விதி, 2026க்கு அது 1,700 ஆயிருக்கு. அந்தக் காச முன்கூட்டியே வரி இல்லாம சேத்து வச்சுக்கற உண்டியல்தான் எச்.எஸ்.ஏ. 2026லேர்ந்து அரசு இன்சூரன்ஸ் சந்தையில விக்கற பிராண்ஸ் (வெண்கலம்னு பேர் வச்ச, பிரீமியம் கம்மியான) பிளான்களையும் அதுக்குத் தகுதியாக்கிட்டாங்க, அதனால இங்க ஏஜெண்டுங்க ரெண்டு பிளான பக்கத்துல வச்சு ஒப்பிடுறப்ப பிரீமியத்த மட்டும் பாக்கக்கூடாது, பிரீமியம் மிச்சமாகுறது டிடக்டிபிள் வித்தியாசத்த எத்தன மாசத்துல ஈடுகட்டும்னு போட்டுப் பாக்கணும். ஒரு வில்லங்கம் என்னன்னா நோய்த்தடுப்புப் பரிசோதனை, தடுப்பூசி மாதிரி பட்டியல்ல இருக்குறதுக்கு டிடக்டிபிள் தீராமலே கம்பெனி முழுசா குடுக்கும், அதனால "எல்லாத்துக்கும் முதல் காசு என்னுது"ன்னும் சொல்ல முடியாது.

நான் "முன்சுமை"ன்னு யோசிச்சேன்.

மறுமொழி, கோவை:

முன்சுமை நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா சுகர் பிரஷர் இருக்குறவங்களுக்கு பிரீமியத்துல கூட ஏத்துறாங்களே லோடிங், அத எங்காளுங்க பாதிப் பேரு ஏற்கனவே "சுமை"ன்னுதான் சொல்றாங்க. ஒரே பாலிசியில சுமையும் முன்சுமையும் வந்தா நான் தொலைஞ்சேன்.

மறுமொழி, மதுரை:

அப்ப "முன்பொறுப்பு". சுமை இல்ல, கை இல்ல, கழிவு இல்ல. முதல்ல இவ்வளவு வரைக்கும் பொறுப்பு உங்க பக்கம், அத நீங்க கட்டுனாலும் சரி ஆபீஸ் பாலிசி கட்டுனாலும் சரி. அதுக்கு மேல கம்பெனி பொறுப்பு. கோ-பேமெண்ட் வேற, அது சதவீதம், ஒவ்வொரு பில்லுலயும் கூடவே வரும், அத "உடன்பங்கு"ன்னு வச்சுக்கலாம், குழப்பம் இருக்காது.

மறுமொழி, கோவை:

இது புடிச்சிருக்கு. எங்களுக்கு தினமும் தலைவலியா இருக்குற ஒண்ணையும் இத வச்சே தீத்துரலாம். டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா பேர்ல "சூப்பர்" இருக்குன்றதத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒருத்தருக்கு ஒரே வருஷத்துல ரெண்டு தடவ அட்மிஷன், முதல் பில்லு 2 லட்சம், அடுத்தது 4 லட்சம், டிடக்டிபிள் 3 லட்சம்னு வைங்க. வெறும் டாப்-அப்ல ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியா 3 லட்சத்தத் தாண்டணும், அதனால முதல்ல ஒண்ணும் வராது, ரெண்டாவதுல 1 லட்சம். சூப்பர்ல வருஷத்து மொத்தம் 6, அதுல 3 போக 3 லட்சம் வரும். அதனால "தடவை முன்பொறுப்பு", "ஆண்டு முன்பொறுப்பு". பேரக் கேட்டாலே கணக்கு தெரிஞ்சுரும், சூப்பருக்கு வேலையே இல்ல.

மறுமொழி, தஞ்சாவூர்:

சரி, ஒத்துக்கறேன். கழிக்கத்தக்கதை வாபஸ் வாங்கிக்கறேன். தலைப்புல கேட்ட அண்டர்ரைட்டிங் (ஒருத்தருக்குப் பாலிசி குடுக்கலாமான்னு கம்பெனி பண்ற முடிவு) என்னாச்சு? லண்டன்ல 1680கள்ல எட்வர்ட் லாய்டோட காப்பிக் கடை இருந்துது, அங்கயும் அதுக்கு முன்னாடியும் இருந்த வழக்கம், கப்பல் சரக்குக்கு காப்பு எடுக்குற சீட்டுல எவ்வளவு ஏத்துக்கறேன்னு கீழ கையெழுத்துப் போட்டாங்க, அதுலேர்ந்து வந்த பேரு. அதனால "கீழொப்பம்"?

மறுமொழி, நியூஜெர்சி:

கதை நல்லாருக்கு ஐயா, ஆனா இன்னிக்கு யாரு கீழ ஒப்பம் போடுறா? கம்பெனி ஆள் ஆஸ்பத்திரி ஃபைலப் படிச்சு எடுத்துக்கறதா வேணாமா, எடுத்தா என்ன விலைக்குன்னு முடிவு பண்றாரு. "இடரேற்பு"ன்னு சொன்னா அந்த முடிவு தெரியும். இங்க 2014 ஜனவரிக்கு அப்புறம் தனியாள் பிளான்ல வியாதியப் பாத்து மறுக்க முடியாது, வயசு, ஊர், புகையிலை, குடும்பத்துல எத்தன பேரு, இது நாலுதான் விலைக்கு. அதுக்கு முன்னாடி விண்ணப்பத்துல பழைய ஆபரேஷனெல்லாம் எழுதச் சொல்லி தள்ளி விடுவாங்க. குறுகிய காலப் பிளான்கள்ல இப்பவும் அப்படித்தான்.

மறுமொழி, கோவை:

நம்மூர்ல முழுக்க முழுக்க அதுதான். சூப்பர் டாப்-அப்னாலும் ப்ரபோசல் பார்ம்ல சுகர் இருக்கான்னு கேப்பாங்க, எங்காளுங்கள்ல சிலபேரு "போடாதீங்க சார், ரிஜெக்ட் ஆயிரும்"பாங்க, எனக்கு எரிச்சல் வர்ற இடம் அது. ஏற்கனவே இருக்குற வியாதிக்கு காத்திருப்பு 2024லேர்ந்து அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்ன 4. 5 வருஷம் விடாம கட்டிட்டா மோசடின்னு நிரூபிச்சா ஒழிய மறுக்க முடியாது, முன்ன அது 8. உண்மைய எழுதிட்டு லோடிங்கோட வாங்குறதுல என்ன நஷ்டம். மறைச்சா அந்த 5 வருஷத்துக்குள்ள என்ன ஆகும்னு தெரியாது.

இடரேற்பு எழுத்துல சரி, வாயில வரமாட்டேங்குது. "இடறேற்பு"ன்னு ரெண்டு பேரு எழுதிட்டாங்க, தடுக்கி விழுறதுக்கு கவர் குடுக்குற மாதிரி ஆயிருச்சு.

முன்பொறுப்ப நேத்து ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாத்தேன், டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க. கேட்ட உடனே, "அப்ப பின்பொறுப்பு உங்க கம்பெனிதான? அதுக்கும் ஒரு தொகை எழுதிக் குடுங்க"ன்னாங்க. 10 லட்சம்னு எழுதிக் குடுத்தேன்.