கென்டக்கியில் மூதாதையர் நிலம்: கவுண்டி பிரிவதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தை எங்கே தேடுவது?

கேள்வி – லூயிவில் மருமகன்

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் முன்னோர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் கேரர்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பெயின்ட் லிக் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்கள். அந்த நிலம் குடும்பத்துக்கு முதன்முதலில் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் மாமனார் மிகவும் விரும்புகிறார். 1801-இல் அதில் ஒரு பகுதியை விற்ற கிரயப்பத்திரம் கேரர்ட் கவுண்டிப் பதிவேட்டில் கிடைத்துவிட்டது. வாங்கியதற்கான பத்திரம் மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. 1790-க்கு முன்பே அவர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள் என்பது குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. தாய்ப்பத்திரத்தை எங்கே தேடலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – ஓடைக்கரை

கேரர்ட் கவுண்டி, 1796-ஆம் ஆண்டுச் சட்டத்தால் லிங்கன், மேடிசன், மெர்சர் ஆகிய மூன்று கவுண்டிகளிலிருந்தும் நிலம் எடுத்து உருவாக்கப்பட்டது. மேடிசனும் மெர்சரும்கூட 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தால் லிங்கனிலிருந்து பிரிந்தவையே. லிங்கனோ, வர்ஜீனியாவின் ஒரு பகுதியாக இருந்த பழைய கென்டக்கி கவுண்டியை 1780-இல் மூன்றாகப் பிரித்தபோது உண்டானது. ஆகவே உங்கள் மாமனாரின் முன்னோர் இடம்பெயராமலேயே இரண்டு மூன்று கவுண்டிகளில் வாழ்ந்திருக்கக்கூடும். புதிய கவுண்டி பிறந்தால், அதற்கு முன் பதிவான பத்திரங்கள் தாய்க் கவுண்டியின் அலுவலகத்திலேயே தங்கிவிடும். எனவே லிங்கனின் தலைநகரான ஸ்டான்ஃபோர்டிலும், மேடிசனின் தலைநகரான ரிச்மண்டிலும் உள்ள பதிவேடுகளைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் நான் பத்திரத்திலிருந்து தொடங்க மாட்டேன், வரிப்பட்டியல்களிலிருந்தே தொடங்குவேன். கென்டக்கியின் 1790, 1800 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் அழிந்துவிட்டதால், அக்காலத்துக்கு அவையே முதன்மைச் சான்று. அவற்றில் பல, உரிமையாளர் பெயரோடும் ஏக்கர் அளவோடும், நிலம் எந்த ஓடையை ஒட்டியது, முதலில் யார் பெயரில் அளக்கப்பட்டு மானியமானது (அதாவது அரசு நிலத்தை யாருக்கு எழுதிக்கொடுத்தது) என்பதையும் குறிக்கின்றன. கவுண்டியின் பெயர் மாறினாலும் ஓடையும் முதல் உரிமையாளர் பெயரும் மாறுவதில்லை. 1797 கேரர்ட் பட்டியலில் உள்ள பதிவு, அதற்கு முந்தைய ஆண்டு லிங்கனிலோ மேடிசனிலோ அதே விவரங்களுடன் இருந்தால், தாய்க் கவுண்டி எது என்பது உறுதியாகிவிடும்.

பதில் – பழைய ஏடு

எந்த ஆண்டில் எல்லை எங்கே ஓடியது என்பதை, சிகாகோவின் நியூபெரி நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் கவுண்டி எல்லை வரலாற்று வரைபடத் தொகுப்பில் பார்க்கலாம்.

லூயிவில் மருமகன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒருவேளை மூன்று கவுண்டிகளிலுமே வாங்கிய பத்திரம் இல்லையென்றால் என்ன செய்வது?

பதில் – ஓடைக்கரை

அதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. வர்ஜீனியாவின் 1779-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, நிலம் பெறுவதற்கு நான்கு படிகள் இருந்தன: முதலில் இத்தனை ஏக்கர் பெறலாம் என்னும் உரிமைச்சீட்டு, அடுத்து இடத்தைக் குறிக்கும் பதிவு, பின்பு அளவை, கடைசியாக மானியம். மானியம் கிடைக்கும் முன்பே இந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கலாம்; அந்த விற்பனையை உரிமைச்சீட்டிலோ அளவைத் தாளிலோ எழுதிக்கொடுத்தால் போதும். அப்படி வாங்கியவர் பெயரிலேயே மானியம் வந்துவிடும், கவுண்டியில் கிரயப்பத்திரம் இருக்காது. எனவே கென்டக்கியின் தலைநகரான பிராங்க்ஃபர்ட்டில் மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பிரிவு இணையத்தில் வைத்திருக்கும் மானியத் தொகுப்புகளில், முன்னோர் பெயரையும் வரிப்பட்டியலில் கண்ட முதல் உரிமையாளர் பெயரையும் தேடுங்கள்.

கிடைத்த 1801 பத்திரத்தின் சக்குபந்தியையும் (எல்லை விவரத்தையும்) வரி வரியாகப் படியுங்கள். மூலைக்கு ஒரு வெள்ளை ஓக் மரம், அங்கிருந்து இத்தனை டிகிரி, இத்தனை ‘போல்’ (pole என்னும் நீள அளவு), பிறகு ஓடை வளைவுக்கு இறங்கி அண்டை நிலத்துக்காரர் எல்லை என்றுதான் இருக்கும். ஒரு ‘போல்’ என்பது பதினாறரை அடி. அதைத் தாளில் வரைந்து மானிய அளவையோடு பொருத்திப் பார்த்தால், இரண்டும் ஒரே நிலமா, அல்லது பெரிய மானியத்தில் ஒரு துண்டா என்பது தெரிந்துவிடும்.

பதில் – கருவூலம்

ஒன்றைச் சேர்க்கிறேன். பேமிலிசர்ச் (FamilySearch) என்னும் வம்சாவளி ஆய்வு இணையதளத்தில் கையெழுத்துப் பதிவேடுகளின் உள்ளேயே சொல் தேடும் வசதி 2024 முதல் உள்ளது. முன்னோர் பெயருடன் ஓடையின் பெயரையும் இட்டுத் தேடுங்கள். அவர் விற்பவராகவோ வாங்குபவராகவோ இல்லாமல், அண்டை எல்லைக்காரராக மட்டும் வரும் பத்திரங்களும் அகப்படும்; விற்பவர், வாங்குபவர் பெயர்களை மட்டும் தரும் அட்டவணையில் அவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.